முப்பது மாதிரிக்குத்தான் காசு: கால்சைட்டா, குவார்ட்ஸா, ஃபெல்ட்ஸ்பாரா?

"அண்ணா, முப்பது மாதிரிக்குத்தான் காசு இருக்கு. எதை அனுப்பட்டும்?" என்று கேட்டாள் ஒரு ஆராய்ச்சி மாணவி. மேசை முழுக்கத் துணிப்பைகள். நிலத்தடி வெந்நீருக்காகத் தோண்டிய ஒரு கிணற்றின் பாறைத் துணுக்குகள், பத்து மீட்டருக்கு ஒரு பை. அவற்றில் உள்ள கனிமத்தின் ஆக்சிஜனை ஆய்வகத்தில் அளந்து, கிணற்றின் வெப்பநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தில் அவளே போட்ட அட்டவணை. எந்தக் கனிமத்துக்கு எந்தச் சமன்பாடு, அதை யார் எந்த வருஷம் அளந்தார்கள், பிழை எவ்வளவு, ஆய்வகக் கட்டணம் எவ்வளவு, எல்லாம் இருந்தது. ஒரே ஒரு பத்திதான் இல்லை: எந்தக் கனிமம் எவ்வளவு சீக்கிரம் பழசை மறக்கும் என்பது. என்னைக் கேட்டால் முதல் பத்தியே அதுதான். சமன்பாட்டின் துல்லியம் எல்லாம் அதற்கு அப்புறம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு, எடை கூடிய ஆக்சிஜன்-18. மீதி கிட்டத்தட்ட எல்லாமே ஆக்சிஜன்-16. பாறையும் வெந்நீரும் ஒன்றாகக் கிடக்கும்போது இரண்டும் ஆக்சிஜனை மாற்றிக்கொள்கின்றன. கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்), குவார்ட்ஸ் (மணலில் மினுங்கும் கனிமம்), ஃபெல்ட்ஸ்பார் (கருங்கல்லில் நிறைந்த கனிமம்) மூன்றிலும் கனமான அணு நீரைவிடக் கனிமத்தில் கொஞ்சம் அதிகமாகச் சேரும். அந்த 'கொஞ்சம்' வெப்பம் ஏற ஏறக் குறையும். கடல்நீரை ஒத்த ஒரு பொதுத் தரத்தைச் சுழியமாக வைத்து, ஆயிரத்துக்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று எழுதுவது வழக்கம். இதைப் பெர்மில் என்கிறோம். கனிமத்தின் எண்ணிலிருந்து நீரின் எண்ணைக் கழித்தால் வருவதை இங்கே 'இடைவெளி' என்று சொல்கிறேன். இந்த இடைவெளியை வெப்பமானியாக்கலாம் என்ற யோசனைக்கு அடித்தளம் போட்டவர் ஹரால்ட் யூரி. 1947-இல் வந்த அவரது கட்டுரையில் தொடங்கியது இந்தத் துறை.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கனிமமும் நீரும் பேரம் முடித்துச் சமநிலைக்கு வந்திருக்க வேண்டும். வராமலே இருந்தாலும் சமன்பாடு கோபித்துக்கொள்ளாது. எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு வெப்பநிலையைக் கொடுத்துவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தது கலிபோர்னியாவின் சால்ட்டன் கடல். இன்று லித்தியத்துக்காகச் செய்தியில் அடிபடும் அதே இடம். அந்த ஏரியின் தென்கரையில், கொலராடோ ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் களிமண்ணும் கிலோமீட்டர் கணக்கில் அடுக்காகக் கிடக்கின்றன. அடியில் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பான, 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெந்நீர். அங்கே ரிவர் ராஞ்ச் என்ற கிணற்றின் துணுக்குகளை ராபர்ட் கிளேட்டன், பேட்ரிக் மஃப்லர், டொனால்ட் ஒயிட் மூவரும் 1968-இல் ஆராய்ந்தார்கள். ஒரே கிணறு, ஒரே வெந்நீர், ஆனால் கனிமத்துக்குக் கனிமம் வேறு கதை. கால்சைட் 150 டிகிரி அளவிலேயே நீரோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது. நுண்ணிய களிமண்ணும் சீக்கிரமே மாறத் தொடங்கியிருந்தது. ஆற்று மணலாக வந்த குவார்ட்ஸ் பரல்களோ 300 டிகிரியைத் தாண்டியும் பெரும்பாலும் தங்கள் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தன. வெந்நீரில் ஊறியும் ஊரை மறக்காத பரல்கள்.

ஆக, எதை அனுப்புவது என்பதற்கு முன் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். கிணறு இன்று எவ்வளவு சூடு என்பதா, ஒரு காலத்தில் எவ்வளவு சூடாக இருந்தது என்பதா, எவ்வளவு நீர் அந்தப் பாறை வழியாகப் போயிருக்கிறது என்பதா? மூன்றுக்கும் மூன்று கனிமங்கள்.

கால்சைட்டின் கணக்கு

இன்றைய வெப்பநிலை வேண்டுமென்றால் என் ஓட்டு கால்சைட்டுக்குத்தான். சூடான நீரில் அது சுலபமாகக் கரைந்து மறுபடி படியும். நீரில் கரைந்த பைகார்பனேட்டும் நீரோடு ஆக்சிஜனை மளமளவென்று மாற்றிக்கொள்ளும். அதனால் புதிதாகப் படியும் ஒவ்வொரு அடுக்கும் அன்றைய நீரின் முத்திரையோடு வருகிறது. ஆய்வகத்திலும் வேலை எளிது. பொடி செய்து பாஸ்பாரிக் அமிலத்தில் போட்டால் கரியமில வாயு வரும், அதை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் நிறைமாலைமானியில் விட்டால் போதும். 1950-இல் மக்ரீ எழுதிய முறையின் வாரிசுதான் இன்றைய தானியங்கிக் கருவிகள் எல்லாம். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான பொடி போதும்.

ஓநீல், கிளேட்டன், மயேடா 1969-இல் சோதனை செய்து தந்து, பின்னர் திருத்தப்பட்ட சமன்பாடு இது: இடைவெளி = 2.78 × (பத்து லட்சம் ÷ கெல்வின் வெப்பநிலையின் வர்க்கம்) − 2.89. இதில் 250 டிகிரியைப் போட்டால் இடைவெளி 7.3 பெர்மில். 300 டிகிரிக்கு 5.6. ஐம்பது டிகிரிக்கு 1.7 பெர்மில் என்றால், அளவீட்டுப் பிழை 0.1 பெர்மில் வெறும் மூன்று டிகிரிதான். அட்டவணையில் பார்க்க அழகாக இருக்கும்.

அங்கேதான் சறுக்கல். நீரின் எண்ணில் பிழை வந்தால்? ஒரு கற்பனைக் கணக்கு. உண்மையில் நீர் +1.0, வெப்பநிலை 300. கால்சைட் +6.6 காட்டும். நீர் 0.0 என்று தவறாக நினைத்துக்கொண்டு அதே கால்சைட்டைக் கணக்கிட்டால் 269 டிகிரி வருகிறது. நீரில் ஒரு பெர்மில் தவறு, விடையில் முப்பது டிகிரி போயிற்று. கால்சைட்டுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு பங்கை நீருக்கு ஒதுக்கச் சொல்லி நான் நச்சரிப்பது இதனால்தான்.

வெந்நீரின் எண்ணை ஊகிக்கவும் முடியாது. அந்த வட்டாரத்து மழைநீரின் எண்ணை எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் ஹார்மன் கிரெய்க் 1963-இலேயே காட்டியதுபோல, வெப்பக் களங்களின் நீரில் ஹைட்ரஜன் எண் உள்ளூர் மழைநீரை ஒட்டியே இருக்கும், ஆக்சிஜன் எண் மட்டும் கனமான பக்கம் நகர்ந்துவிடும். காரணம் எளிது. பாறையின் எடையில் ஏறத்தாழ பாதி ஆக்சிஜன், ஹைட்ரஜனோ சொற்பம். நீர் பாறையிடமிருந்து வாங்குவது ஆக்சிஜன்தான். இந்த நகர்வு சால்ட்டன் கடலில் பெரிது. நியூசிலாந்தின் வைராக்கேயில் நிறைய நீர் பாறையைக் கழுவிக்கொண்டே போயிருப்பதால் சிறிது. எந்தக் களத்தில் எவ்வளவு என்று அளந்தால்தான் தெரியும்.

கால்சைட்டுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. துளையிடும்போது இறக்கிய சிமென்ட்டின் தூளும் துணுக்கோடு மேலே வரும், அதிலும் கார்பனேட் இருக்கும். கிணற்றுச் சுவரைத் தாங்கும் இரும்புக் குழாயின் அடிமுனைக்குப் பக்கத்துப் பைகளை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவிடுவேன். மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்டான டோலமைட் கலந்திருந்தால் அமிலம் வேறு வேகத்தில் வேலை செய்யும், திருத்தமும் வேறு. எக்ஸ்-கதிரில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, ஆழத்தில் 300 டிகிரியை நெருங்கும் இடங்களில் கால்சைட்டே காணாமல் போகலாம். சால்ட்டன் கடலில் அப்படித்தான். கார்பனேட் சிதைந்து கரியமில வாயு வெளியேற, கால்சியம் எபிடோட் போன்ற சிலிகேட்டுகளுக்குள் (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமங்களுக்குள்) போய்விடுகிறது. மிகச் சூடான இடத்தில்தான் நம் வெப்பமானி கைவிடும்.

சொந்தக் கதை ஒன்று. ஆரம்ப காலத்தில் துணுக்குகளில் ஒட்டிய சேற்றைக் கழுவ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டேன். குவார்ட்ஸைச் சுத்தம் செய்யும் குறிப்பில் அப்படித்தான் இருந்தது. பொங்கி நுரைத்தது. ஆகா, அழுக்கெல்லாம் போகிறது என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனது அழுக்கு இல்லை, பன்னிரண்டு பை கால்சைட். முதலில் கால்சைட்டைப் பொறுக்கி எடுத்து வையுங்கள், பிறகு எந்த அமிலத்தில் வேண்டுமானாலும் போடுங்கள்.

குவார்ட்ஸ்: எந்தக் குவார்ட்ஸ்?

மாணவியின் அட்டவணையில் குவார்ட்ஸுக்குத்தான் முதல் இடம். காரணம் புரிகிறது. சோதனைகள் நிறைய நடந்திருக்கின்றன. மட்சுஹிசா, கோல்ட்ஸ்மித், கிளேட்டன் 1979-இல் தந்த கோடும், ஷார்ப் குழுவினர் 2016-இல் மூன்று ஆக்சிஜன் ஐசோடோப்புகளையும் (எடை மட்டும் மாறும் அணுக்கள்: 16, 17, 18) வைத்துத் தந்த கோடும் 250 முதல் 300 டிகிரி வரையில் ஒன்றையொன்று 0.1 பெர்மிலுக்குள் ஒட்டிப் போகின்றன. 300 டிகிரியில் இரண்டுமே 6.9 என்கின்றன. இவ்வளவு ஒத்துப்போகும் கனிமம் வேறு எது என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரி. ஆனால் சமன்பாடு நல்லது என்பதும் நம் பரல் அந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது என்பதும் வேறு வேறு. ஆற்றிலிருந்து வந்த மணல் பரல் +12 என்று வைத்துக்கொள்வோம். அது வெந்நீரோடு எதையுமே மாற்றிக்கொள்ளவில்லை. நீர் +1. இரண்டையும் 1979 சமன்பாட்டில் போட்டால் ஏறக்குறைய 210 டிகிரி வருகிறது. கிணற்றில் உண்மையில் 300. இந்த 210-ஐப் பாருங்கள், எவ்வளவு நம்பும்படியாக இருக்கிறது! 900 என்றோ மைனஸ் 40 என்றோ வந்திருந்தால் யாரும் உஷாராகியிருப்பார்கள். '210, சரி, கிணறு ஒரு காலத்தில் குளிர்ச்சியாக இருந்திருக்கிறது, பின்னர் சூடேறியிருக்கிறது' என்று ஒரு அத்தியாயமே எழுதிவிடலாம். எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

குவார்ட்ஸின் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? சிலிக்கனும் ஆக்சிஜனும் எல்லாப் பக்கமும் இறுக்கிப் பின்னிய சட்டகம் அது. அதற்குள் ஆக்சிஜன் ஊடுருவி இடம் மாறுவது 300 டிகிரியில் நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளலாம். மாற வேண்டுமானால் பரல் கரைந்து மறுபடி வளர வேண்டும். பொடிப் பரல்களில் அது கொஞ்சம் நடக்கும், பெரிய பரல்களில் மேற்பரப்போடு நின்றுவிடும்.

அதே பிடிவாதம்தான் அதன் பெருமையும். விரிசலில் வெந்நீரிலிருந்தே நேராக வளர்ந்த நரம்புக் குவார்ட்ஸ், பிறந்த நாளின் இடைவெளியை லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருக்கும். பழைய தங்கச் சுரங்கங்களின் நரம்புகளில் எல்லோரும் குவார்ட்ஸைத் தேடிப் போவது இதனால்தான். அங்கே கால்சைட்டை நம்ப முடியாது. பின்னால் வந்த எந்த நீரும் அதை மாற்றி எழுதியிருக்கலாம். நரம்புக் குவார்ட்ஸுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய நீர்த்துளிகளும் இருக்கும். துளியைச் சூடாக்கி, குமிழி மறையும் வெப்பநிலையைப் பார்க்கலாம். அந்த நீரின் ஹைட்ரஜனையும் அளக்கலாம். ஆக்சிஜனை மட்டும் அளக்க வேண்டாம். துளியளவு நீர், சுற்றிலும் குவார்ட்ஸ் சுவர், ஆறும்போது ஓரளவு மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆக்சிஜனைக் குவார்ட்ஸின் எண்ணிலிருந்தும் துளி தந்த வெப்பநிலையிலிருந்தும் கணக்கிட்டு எடுப்பதே வழக்கம்.

செலவு வேறு. சிலிகேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க புரோமின் பென்டாஃபுளோரைடு போன்ற பொல்லாத வேதிப்பொருள் வேண்டும், கண்ணாடியைத் தின்னும் என்பதால் உலோகக் குழாய்கள் வேண்டும். 1963-இல் கிளேட்டனும் மயேடாவும் நிறுவிய முறை இது. 1990-க்குப் பிறகு லேசர் வந்து மாதிரியின் அளவு ஓரிரு மில்லிகிராமுக்கு இறங்கியது. ஆனாலும் எல்லா ஆய்வகத்திலும் இல்லை, கால்சைட்டைப் போல மலிவும் இல்லை.

ஃபெல்ட்ஸ்பாருக்கு வேறு வேலை

ஃபெல்ட்ஸ்பாரை வெப்பமானியாக நான் வைப்பதில்லை. ஓநீலும் டெய்லரும் 1967-இல் தந்த சமன்பாடு 350 முதல் 800 டிகிரி வரை சோதிக்கப்பட்டது. 250 டிகிரிக் கிணற்றுக்கு அதை நீட்டிப் போடுவது நம் ஊகம்தான். ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு முக்கியமான விஷயம் வெளிவந்தது. பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரைச் சோடிய உப்புநீரில் போட்டால், சோடியம் உள்ளே நுழையும் எல்லை கூர்மையாக முன்னேறுகிறது, அந்த எல்லை கடந்த இடமெல்லாம் ஆக்சிஜனும் புதிதாகிவிடுகிறது. பழையது கரைய, புதியது அதே இடத்தில் உடனே படிகிறது. வீட்டில் ஆளிருக்கும்போதே சுவரை இடித்துக் கட்டுவதுபோல.

அதனால் ஃபெல்ட்ஸ்பார் சொல்வது 'இந்த வழியாக நீர் போயிருக்கிறது' என்பதை. கிழக்கு கிரீன்லாந்தின் ஸ்கேர்கார்ட் பாறையிலும் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலும் டெய்லரும் ஃபாரெஸ்டரும் 1970-களில் இப்படித்தான் பார்த்தார்கள். ஃபெல்ட்ஸ்பாரின் எண் வெகுவாக இறங்கிக் கிடந்தது, பக்கத்திலிருந்த பைராக்ஸீன் என்ற கனிமமும் குவார்ட்ஸும் அந்த அளவுக்கு அசையவில்லை. கொதிக்கும் மாக்மா குளிர்ந்து இறுகிய பாறைக்குள் மழைநீர் சுழன்று போயிருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. உங்கள் கேள்வி நீரோட்டம் என்றால் ஃபெல்ட்ஸ்பாரையும் குவார்ட்ஸையும் ஒரே துணுக்கிலிருந்து பிரித்து அனுப்புங்கள். இரண்டும் ஒத்துப்போகாமல் இருப்பதே இங்கே விடை. ஃபெல்ட்ஸ்பாரைக் கரைத்துக் குவார்ட்ஸை மட்டும் மிச்சம் வைக்க ஹெக்ஸாஃபுளோரோசிலிசிக் அமிலம் இருக்கிறது, ஆனால் ஃபெல்ட்ஸ்பாரை எடுக்க அதே வழி உதவாது. நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் பொறுக்குவதுதான். கழுத்து வலிக்கும்.

களிமண்ணைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இரண்டு மைக்ரானுக்குக் கீழே பிரிக்க வேண்டும், ஒட்டிய ஈரத்தை விரட்ட வேண்டும், அப்போதும் பழைய களிமண் எவ்வளவு, புதியது எவ்வளவு என்று தெரியாது. முப்பது மாதிரிக்காரர்களுக்கு வேண்டாம்.

இரண்டு கனிமங்களை ஒப்பிட்டால் நீரே தேவையில்லையே என்று யாராவது சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். குவார்ட்ஸ்-கால்சைட் இடைவெளி 250 டிகிரியில் 1.6, 300 டிகிரியில் 1.3. ஐம்பது டிகிரிக்கு 0.3 பெர்மில்! அளவீட்டில் 0.15 பிசகினால் இருபது டிகிரிக்கு மேல் ஓடிவிடும். இரண்டும் ஒரே நாளில், ஒரே நீரில் பிறந்தன என்பதையும் நிரூபிக்க வேண்டும். குவார்ட்ஸ்-மேக்னடைட் (இரும்பு ஆக்சைடுக் கனிமம்) ஜோடிக்கு இடைவெளி பெரிது, ஆனால் அது உயர் வெப்பப் பாறைக்காரர்களின் கருவி.

கால்சைட்டின் கார்பன்-13-உம் ஆக்சிஜன்-18-உம் ஒரே மூலக்கூறில் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று பார்க்கும் 'கட்டுச்சேர்' முறையும் நீரைக் கேட்காது. 2006 முதல் பிரபலம். நூறு டிகிரிக்குக் கீழே அருமை. 250 டிகிரியில் அதன் உணர்திறன் மங்கிவிடும். இளஞ்சூட்டு ஊற்றுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறே இல்லை, ஊற்று மட்டும்தான் என்றால் பாறையை விட்டுவிட்டு நீரில் கரைந்த சல்ஃபேட்டைப் பிடிக்கலாம். சல்ஃபேட்டும் நீரும் ஆக்சிஜனை மாற்றிக்கொள்வது நடுநிலை நீரில் மெதுவாகத்தான். அதனால் ஆழத்தில் போட்ட கணக்கு, மேலே ஏறி வரும் வழியில் ஆறினாலும் அழிவதில்லை. மெக்கென்ஸியும் ட்ரூஸ்டெல்லும் 1977-இல் யெல்லோஸ்டோன் ஊற்றுகளில் இதை வைத்து ஆழத்தில் சுமார் 360 டிகிரி என்று கணக்கிட்டார்கள். ஒரே எச்சரிக்கை: அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அமில ஊற்றுக்குப் போகாதீர்கள். அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு மேற்பரப்பிலேயே காற்றோடு சேர்ந்து புது சல்ஃபேட் ஆகிறது. அதன் ஆக்சிஜனுக்கும் ஆழத்துக்கும் உறவே இல்லை.

மாணவியின் கிணறு இன்னும் உயிரோடிருக்கும் வெப்பக் களத்தில் இருக்கிறது. அவளுக்கு வேண்டியது இன்று ஆழத்துக்கு ஆழம் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பது. அதனால் பங்கு இப்படிப் போட்டோம்: கால்சைட் பதினாறு, ஆழத்துக்கு ஏற்றபடி பரவலாக, அதிலும் குழாய் முனைப் பைகளைத் தவிர்த்து. நரம்புக் குவார்ட்ஸ் நான்கு, களம் முன்பு இன்னும் சூடாக இருந்ததா என்று பார்க்க. ஃபெல்ட்ஸ்பார் நான்கு, துணுக்குகளில் விரிசல் அதிகம் தெரிந்த ஆழத்திலிருந்து. நீர் நான்கு. மிச்சம் இரண்டில் ஒரே கால்சைட்டைத் திரும்ப அனுப்பி ஆய்வகத்தைச் சோதிப்பது. மணல் குவார்ட்ஸ் ஒன்றுகூட இல்லை. அதில் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டாள், பொறுக்கி வைத்திருந்தாளாம்.

அப்புறம் நீர்க் குப்பிகளைக் கேட்டேன். கிணற்று வாயில் நீராவி பிரிக்கும் கலனிலிருந்து பிடித்தது என்றாள். நீர் மட்டுமா, ஆவியும் சேர்த்தா? நீர் மட்டும். ஆவி லேசான ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு போய்விட்டதால் குப்பியில் இருப்பது ஆழத்து நீரைவிடக் கனமானது. ஆவியையும் குளிர்வித்துத் தனிக் குப்பியில் பிடித்து, எத்தனை பங்கு ஆவி, எத்தனை பங்கு நீர் என்று குறித்தால்தான் இரண்டையும் கூட்டி ஆழத்து எண்ணைப் பெற முடியும். நான்கு நீர் மாதிரியை இரண்டு ஜோடியாக்கினோம். அடுத்த வாரம் அவள் மறுபடி கிணற்றுக்குப் போகிறாள், இந்த முறை ஒரு ஐஸ் பெட்டியோடும் தாமிரச் சுருள் குழாயோடும்.